செயற்கை நுண்ணறிவும் கண்மாய் வேளாண்மையும்: செட்டிநாட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வேளாண்மையின் விளைச்சலையும் நீடித்த தன்மையையும் உயர்த்தும் கருவியாகச் செயற்கை நுண்ணறிவு இன்று முன்வைக்கப்படுகிறது. பயிர்நோய் அறிதல், பருவமழை முன்கணிப்பு, உழவர் வினாக்களுக்கு விடையளித்தல், பயிர்க்காப்பீட்டு மதிப்பீடு ஆகிய துறைகளில் அது நடைமுறைக்கும் வந்துள்ளது. இக்கருவிகளுள் பெரும்பாலானவை தனி உழவரையும் தனி வயலையும் அலகாகக் கொண்டவை. காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாட்டிலும் சிவகங்கை மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் வேளாண்மையின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்யும் அலகு கண்மாய் ஆகும். இவ்விரு அலகுகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையை நிலம், பொழுது, நீர், சொல், பொறுப்பு என்னும் ஐந்து நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. பொதுநீரை நோக்கிய வினாக்களைப் பொறியிடம் எழுப்பும்போதுதான் அது இப்பகுதியின் நீடித்த வேளாண்மைக்குத் துணையாகும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, கண்மாய்ப் பாசனம், செட்டிநாடு, புழுதி விதைப்பு, நீடித்த வேளாண்மை, வட்டார வழக்கு, பயிர்க்காப்பீடு.

முன்னுரை

வேளாண்மையில் செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓட்டுநரின்றி இயங்கும் உழுவை இயந்திரங்களையும் மருந்து தெளிக்கும் டிரோன்களையும் பட்டியலிட்டு வியப்பது. மற்றொருவகை, மரபறிவின் பெயரால் புதிய கருவிகள் அனைத்தையும் ஐயுறுவது. ஒரு குறிப்பிட்ட நிலத்தில், ஒரு குறிப்பிட்ட பருவத்தில், ஒரு குறிப்பிட்ட உழவருக்கு இக்கருவி எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்னும் வினாவை இவ்விரு வகைகளும் எழுப்புவது அரிது.

அவ்வினாவை எழுப்புவதற்குச் செட்டிநாடு தக்க களமாகும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், 1985இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகமும் உள்ளன. அருகே குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்டநில ஆராய்ச்சி நிலையமும் அரசு வேளாண்மைக் கல்லூரியும் இயங்குகின்றன. ஆய்வு நிறுவனங்கள் இவ்வளவு நெருங்கி அமைந்த இப்பகுதியின் வேளாண்மை இன்றும் வானம் பார்த்ததாகவே உள்ளது. அறிவு நிலையத்திற்கும் வயலுக்கும் இடைப்பட்ட தொலைவைச் செயற்கை நுண்ணறிவு குறைக்குமா, அல்லது அத்தொலைவை வேறொரு வடிவில் தொடரச் செய்யுமா என்பது இங்கு ஆராயத்தக்கது.

1. முதற்பொருள்: செட்டிநாட்டின் நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அடிப்படை. கருப்பொருள்கள் யாவும் அவற்றின்வழிப் பிறப்பவை. இலக்கியத்திற்கு வகுக்கப்பட்ட இவ்வரிசை வேளாண் கருவிகளை மதிப்பிடுவதற்கும் பயன்படுவதாகும். ஒரு கருவி எந்த நிலத்தை அறியும், எந்தப் பொழுதை அறியும் என்று வினவிய பின்னரே அது பயிரைப் பற்றிக் கூறுவதை ஏற்க இயலும்.

சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பொழிவது. காரைக்குடிப் பகுதியின் செம்மண்ணும் செம்புறை நிலமும் நீரை நெடுநாள் தாங்கி நிற்பதில்லை. மணிமுத்தாறு, தேனாறு, சருகணியாறு போன்ற ஆறுகள் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுபவை. இச்சூழலில் வேளாண்மைக்கு அடிப்படையாக அமைந்தது கண்மாய். மேட்டு நிலத்தில் பெய்த மழை வரத்துக்கால் வழியே கண்மாயின் உள்வாயை அடைகிறது. மடைவழியே ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. மிகுந்த நீர் கலுங்கு வழியே மறுகாலாக வெளியேறி அடுத்த கண்மாயை நிறைக்கிறது. ஆகவே எந்தக் கண்மாயும் தனித்து இயங்குவதன்று. மேலுள்ள ஊரின் கலுங்கு உயரம் கீழுள்ள ஊரின் நெல்லை முடிவுசெய்யும்.

இந்நீரியல் அறிவின் தொன்மைக்குப் புறநானூற்றின் 18ஆம் பாடல் சான்றாகும். பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடிய குடபுலவியனார், விதைத்துவிட்டு வானத்தையே பார்த்திருக்கும் நிலம் எவ்வளவு பரந்திருப்பினும் ஆள்பவனுக்குப் பயன்படாது என்றும், நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். நீரைத் தேக்குதல் ஆட்சியின் கடமை என்பதும், அது நிலத்தின் அமைப்பை அறிந்து செய்யப்பட வேண்டியது என்பதும் அப்பாடலால் பெறப்படுகின்றன.

2. பொறி கற்ற நிலம்

பயிர்நோயைப் படத்தின்வழி அறியும் முயற்சிகளில் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது, மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வாகும். 54,306 இலைப்படங்களைக் கொண்டு 14 பயிர்களையும் 26 நோய்களையும் அறியுமாறு அவர்கள் பொறியைப் பயிற்றினர். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிய படங்களைக் கொண்டு சோதித்தபோது 99.35 விழுக்காட்டுத் துல்லியம் கிடைத்தது. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது அது ஏறத்தாழ 31 விழுக்காடாகச் சரிந்தது. இவ்விரண்டாம் எண்ணையும் ஆய்வாளர்களே வெளிப்படையாகப் பதிவுசெய்துள்ளனர். எனினும் பின்வந்த பல கட்டுரைகளில் முதல் எண் மட்டுமே எடுத்தாளப்படுகிறது.

அத்தொகுப்பின் 14 பயிர்களையும் நோக்கினால் அவற்றுள் ஆப்பிள், திராட்சை, உருளைக்கிழங்கு, தக்காளி, சோயா, குடைமிளகாய் முதலியன உள்ளன. நெல் இல்லை, நிலக்கடலை இல்லை, கேழ்வரகும் வரகும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் ஒன்றுகூட இல்லாத இத்தொகுப்பு, அதனைத் தொகுத்தவர்களின் நிலத்திற்கு உரியது. தரவுக்கும் திணை உண்டு என்பதனை இதனால் உணரலாம். ஒரு தொகுப்பின் திணையை அறியாமல் அதன் துல்லியத்தை மட்டும் பெயர்த்துக் கொணர்வது ஆய்வு நெறிக்கு முரணானது.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் இந்தியாவில் நடைபெற்றுள்ளன. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு, படத்தின்வழிப் பூச்சிகளை இனங்கண்டு அறிவுரை வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2018இல் அறிமுகமான உழவன் செயலியோடு படம்வழிப் பூச்சி, நோய் அறியும் வசதியும் இணைக்கப்பட்டது. வேளாண் அலுவலரை நேரில் காண்பது எளிதாக இல்லாத சிற்றூர்களில் இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இக்கருவிகள் செட்டிநாட்டுச் செம்மண்ணில், இங்கு விதைக்கப்படும் இரகங்களில், உழவர் தம் கைப்பேசியால் எடுக்கும் படங்களில் எந்த அளவு சரியாக இயங்குகின்றன என்பது மாவட்ட அளவில் அளவிடப்பட்டு வெளியிடப்பட வேண்டும். அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரியின் மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி அது. பொறியை உருவாக்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் மதிப்பு, பொறியைச் சரிபார்க்கும் ஆய்வுக்கும் கிடைத்தாக வேண்டும்.

3. பொழுது: புழுதி விதைப்பும் பருவமழை முன்கணிப்பும்

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் நெல் பெரும்பாலும் நாற்றுவிட்டு நடப்படுவதில்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் நேரடியாக விதைப்பது வழக்கம். மழை வந்து கண்மாய் பெருகிய பின் அப்பயிர் நீர்ப்பாய்ச்சலுக்கு மாறும். இம்முறைக்கேற்ற வறட்சி தாங்கும் இரகங்களைப் பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுள்ளது. அண்ணா (ஆர்) 4 அவற்றுள் ஒன்று.

இம்முறையில் உழவர் எடுக்கும் மிகப்பெரிய முடிவு விதைக்கும் நாள் பற்றியது. முந்தி விதைத்துச் சிறுமழையில் முளைத்த பயிர், அடுத்த மழை தாமதமானால் கருகிவிடும். பிந்தி விதைத்தால் நிலம் சேறாகிவிடும். விதையும் உழவுக்கூலியும் கடனாகப் பெறப்பட்டவை என்பதால் ஒரு தவறான விதைப்பு அவ்வாண்டின் கடனை இரட்டிப்பாக்கும். செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுவேயாகும்.

இதற்கு முன்னோடியாக ஓர் ஆய்வு ஆந்திரத்தில் நடந்துள்ளது. 2016இல் கர்நூல் மாவட்டத்தின் தேவனகொண்டா மண்டலத்தில், சர்வதேச வறண்டவெப்பப் பகுதிப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இணைந்து 175 நிலக்கடலை உழவர்களுக்கு விதைப்பு நாளைக் குறுஞ்செய்தியாகத் தெலுங்கில் அனுப்பின. அப்பகுதியின் 30 ஆண்டுக்காலத் தட்பவெப்பத் தரவிலிருந்து மண்ணீரப் போதுமைக் குறியீட்டைக் கணித்து அந்நாள் முடிவுசெய்யப்பட்டது. விளைச்சல் 30 விழுக்காடு கூடியதாக அறிவிக்கப்பட்டது. உழவரிடம் உணர்கருவியோ திறன்பேசியோ தேவைப்படவில்லை என்பது இதன் சிறப்பு. ஒரு பருவம், ஒரு மண்டலம், ஒரு பயிர் என்னும் வரையறைக்குள் பெறப்பட்ட இம்முடிவைப் பிற நிலங்களுக்கு அப்படியே விரித்துரைப்பது பொருந்தாது.

2025 காரிஃப் பருவத்தில் இம்முயற்சி பெருமளவில் விரிந்தது. நடுவண் வேளாண் அமைச்சகம், கூகுளின் நியூரல் ஜிசிஎம், ஐரோப்பிய நடுத்தர வானிலை முன்கணிப்பு மையத்தின் ஏஐஎஃப்எஸ் ஆகிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் கணிப்பை இந்திய வானிலைத் துறையின் நெடுங்கால மழைத் தரவோடு இணைத்தது. 13 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 3.8 கோடி உழவர்களுக்குப் பருவமழையின் தொடக்கம் பற்றிய குறுஞ்செய்திகள் நான்கு வாரம்வரை முன்னதாகவே அனுப்பப்பட்டன. வானிலை முன்கணிப்பு வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க நிகழ்வு. ஆனால் அங்குக் கணிக்கப்பட்டது தென்மேற்குப் பருவமழையின் தொடக்கம். செட்டிநாட்டு உழவர் விதைப்புக்கு எதிர்நோக்குவது வடகிழக்குப் பருவமழையை. நாட்டின் பெரும்பகுதிக்கு மழை விலகும் காலத்தில் இப்பகுதிக்கு மழை தொடங்குகிறது. நாட்டளவிலான கருவி நாட்டின் பெரும்பான்மைப் பொழுதையே முதலில் கற்கும். சிறுபான்மைப் பொழுது தனக்கான வினாவைத் தானே எழுப்பிப் பெற வேண்டியுள்ளது.

இடத்தின் அளவும் இங்குக் கருதத்தக்கது. இம்மாதிரிகள் பயின்ற உலகளாவிய வானிலைத் தொகுப்பின் கட்டம் ஒன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. காரைக்குடியும் தேவகோட்டையும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பு சில சதுர கிலோமீட்டர் அளவினது. ஓர் ஊரில் கலுங்கு பாய, அடுத்த ஊரில் உள்வாய் வறண்டு கிடக்கும் காட்சி இப்பகுதியினருக்குப் புதிதன்று. அக்காட்சியைக் கட்டச் சராசரி மறைத்துவிடும்.

4. வயலா, கண்மாயா?

வேளாண் செயற்கை நுண்ணறிவின் வெற்றிகளாகக் காட்டப்படுபவற்றுள் மகாராஷ்டிரத்தின் பாராமதி கரும்புத் திட்டமும் தெலங்கானாவின் சாகு பாகு திட்டமும் முதன்மையானவை. பாராமதியில் வேளாண் அறிவியல் நிலையத்தின் வழி, உணர்கருவிகளும் செயற்கைக்கோள் தரவும் இணைந்து தனி வயலுக்கான நீர், உர அறிவுரை வழங்கப்பட்டது. கரும்பின் எடை கூடியதாகவும் நீர்ப்பயன்பாடு கணிசமாகக் குறைந்ததாகவும் அறிவிக்கப்பட்டது. கம்மம் மாவட்டத்தில் 7,000 மிளகாய் உழவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட சாகு பாகுவில், விளைச்சல் 21 விழுக்காடு கூடியதாகவும் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 9 விழுக்காடு குறைந்ததாகவும் கூறப்பட்டது.

இவ்விரண்டிலும் அறிவுரையின் அலகு தனி வயல். அதைப் பெறுபவர் தனி உழவர். தம் நீரைத் தாமே கட்டுப்படுத்தும் உழவருக்கு இவ்வமைப்பு பொருந்தும். கண்மாய் ஆயக்கட்டில் நீரைத் திறப்பதும் அடைப்பதும் தனியொருவரின் விருப்பமன்று. தலைமடை முதல் கடைமடை வரை முறைவைத்துப் பாய்ச்சும் நீர்பாய்ச்சி என்னும் பணியாளரின் கையில் அது இருந்தது. உமது வயலுக்கு இன்று நீர் பாய்ச்சுக என்று கைப்பேசி ஒரு தலைமடை உழவருக்குக் கூறும் அறிவுரை, கடைமடையின் பங்கைக் கணக்கில் கொள்ளாதது. ஆயக்கட்டினர் அனைவருக்கும் அதே அறிவுரை ஒரே நாளில் சென்றால் கண்மாய் அதனைத் தாங்காது.

இதனால் மற்றொரு விளைவும் நேரக்கூடும். கண்மாய் நீரைச் சார்ந்து அறிவுரையைப் பின்பற்ற இயலாத உழவர், வசதியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்றை நாடுவார். தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால் நீரை இறைக்கும் செலவு அவரைத் தடுப்பதில்லை. தனிக் கிணறு பெற்றவர்களுக்குக் கண்மாய்ப் பராமரிப்பில் நாட்டம் குறைகிறது என்பதைத் தமிழகக் கண்மாய்ப் பாசனம் பற்றிய வேளாண் பொருளியல் ஆய்வுகள் சுட்டியுள்ளன. ஒவ்வொரு வயலிலும் நீர் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட்டும் ஊரின் நிலத்தடி நீர் தாழலாம்; மிச்சமான நீரைக் கொண்டு சாகுபடிப் பரப்பு விரிவாக்கப்படுமாயின் அத்தாழ்வு விரைவுபடும். வயலின் திறன் உயர்வதும் ஊரின் நீர்வளம் நீடிப்பதும் ஒன்றெனக் கொள்வது இத்துறையின் பொதுவான கருத்துப்பிழை.

கண்மாய்ச் சமூகத்தைக் குறைகளற்ற பொதுமையாகப் போற்றுவதும் அதற்கிணையான பிழையாகும். டேவிட் மோஸ் தம் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003) நூலில் சிவகங்கை, இராமநாதபுரம் சமவெளிக் கண்மாய்களை ஆராய்ந்து, நீர்ப்பங்கீடு சாதிப் படிநிலையோடும் அரசதிகாரத்தோடும் பிணைந்திருந்ததைக் காட்டினார். நீர் பாய்ச்சும் உடலுழைப்பு ஒடுக்கப்பட்டோர்மீது சுமத்தப்பட்டது. மடையின் முதலுரிமை ஆதிக்கத்தினரிடம் இருந்தது. எனவே பழைய முறையைக் கணினியில் ஏற்றுவது தீர்வாகாது. நீரின் அளவு, திறக்கும் முறை, ஒவ்வொரு மடைக்கும் சென்ற பங்கு ஆகியவை அனைவரும் காணுமாறு பதிவாகும்போது, கடைமடையினருக்கும் கேள்வி கேட்கும் சான்று கிடைக்கும். பொறியின் சமூகப் பயன் அங்கேதான் உள்ளது.

இதற்குரிய தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ளது. மேகத்தை ஊடுருவிக் காணும் ரேடார் செயற்கைக்கோள் படங்களால் மழைக்காலத்திலும் கண்மாயின் நீர்ப்பரப்பை அளவிடலாம். பல ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, எந்த வரத்துக்கால் அடைபட்டது, எந்த உள்வாய் சுருங்கியது என்று அறியலாம். 2023இல் வெளியான நீர்நிலைகளின் முதல் கணக்கெடுப்பு நாட்டில் 24,24,540 நீர்நிலைகளையும் தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகளையும் பதிவுசெய்துள்ளது. எண்ணிக்கைப் பட்டியலாக உள்ள இத்தரவைக் கண்மாய்ச் சங்கிலிகளின் வரைபடமாக மாற்றும் பணியே செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்றது. அப்பணியிலும் உள்ளூர் அறிவு இன்றியமையாதது. செயற்கைக்கோளுக்குப் பச்சை என்பது பயிர்வளத்தின் அடையாளம். சித்திரை வெயிலில் கண்மாய்க்குள் பச்சையாக நிற்பது சீமைக் கருவேலம் என்பதை ஊரார் அறிவர். அவர்கள் சொல்லக் கேட்டுப் பயின்றால், நோயின் அறிகுறியை வளமென எண்ணும் பிழையிலிருந்து பொறி மீளும்.

5. சொல்லும் பொருளும்

உழவர் வினாக்களுக்கு விடைகூற 2023இல் தொடங்கப்பட்ட கிசான் இ-மித்ரா தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளில் இயங்குகிறது. குரல்வழி உரையாடல் எழுத்தறியாதோருக்கும் இவ்வாயிலைத் திறந்துள்ளது. எனினும் எந்தத் தமிழ் என்னும் வினா எஞ்சுகிறது.

செட்டிநாட்டில் கண்மாய் என்பது பாசனத்துக்கு உரியது. ஊருணி குடிநீருக்கு உரியது. குளம் பெரும்பாலும் கோயிலைச் சார்ந்தது. வடமாவட்டங்களில் பாசன நீர்நிலை ஏரி எனப்படும். நெல்லைப் பகுதியில் அதுவே குளம் எனப்படும். மேற்குறித்த கணக்கெடுப்பின் வகைப்பாடு குட்டை, குளம், ஏரி, நீர்த்தேக்கம், தடுப்பணை என்னும் பொதுப்பெயர்களால் அமைந்தது. ஊருணியும் கண்மாயும் ஒரே வகைக்குள் விழுமாயின், குடிநீருக்குக் காக்க வேண்டிய நீரைப் பாசன நீராகப் பொறி கணக்கிடும். பெயர் மயங்கும்போது உரிமையும் மயங்குகிறது.

பயிர்ச்சொற்களிலும் இந்நிலை உண்டு. பட்டம் என்பது இங்குப் பருவத்தைக் குறிக்கும். ஆனைக்கொம்பன் என்பது நெல்லின் குருத்தைக் குழலாக்கும் ஈயின் பாதிப்புக்குப் பெயர். அக்குழலின் வடிவத்தால் அது யானைத் தந்தத்தோடு ஒப்பிடப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் பொறி இங்கு யானையைத் தேடக்கூடும். புகையான் தாக்கிய வயலை உழவர் புகைந்துவிட்டது என்பார். அவ்வினையின் பொருள் பொது அகராதியில் அடங்காது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற முயற்சிகள் இலக்கிய வாசிப்பின் துணைநூல்களாகவே இதுவரை கருதப்பட்டன. இன்று அவை பொறியைப் பயிற்றும் அடிப்படைத் தரவாகவும் பொருள் பெறுகின்றன. செட்டிநாட்டுக்கும் சிவகங்கைச் சமவெளிக்கும் உரிய நீரியல், வேளாண் சொற்களைக் குரற்பதிவோடும் படத்தோடும் தொகுப்பது தமிழ்த்துறைகளின் பணி. கணினியியல் துறைகளுக்கு மட்டும் இதனை விட்டுவிடுவது, தமிழாய்வு தன் களத்தைத் தானே சுருக்கிக்கொள்வதாகும்.

6. பிழையின் சுமை

அறிவுரை தவறினால் இழப்பு யாருடையது? இவ்வினா பயிர்க்காப்பீட்டில் கூர்மையடைகிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்ற ரைஸ் திட்டத்தின்வழி, ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பை மதிப்பிடும் முறை தமிழ்நாட்டில் வளர்ந்தது. 2016-17 வறட்சியில் விதைக்க இயலாமற்போன பரப்பைக் கண்டறிந்து இழப்பீடு வழங்குவதற்கு அம்முறை துணைநின்றது. பயிர் வெட்டுச் சோதனைக்காகக் காத்திருந்த உழவர்களுக்கு இது நன்மையே. 2023 காரிஃப் முதல் பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் நெல், கோதுமைக்கான விளைச்சல் மதிப்பீட்டில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தரப்பட்டுள்ளது. பொறியின் கணிப்பு இவ்வாறு உழவரின் வங்கிக் கணக்கை எட்டுகிறது.

காப்பீட்டின் அலகு பெரும்பாலும் வருவாய்க் கிராமம். ஒரே கண்மாயின் தலைமடையில் நெல் விளைந்து கடைமடையில் சாவியாகும் ஆண்டில், கிராமச் சராசரி ஓரளவு விளைச்சலைக் காட்டும். கடைமடையின் முழு இழப்பு அதில் மறையும். நுண்ணிய அளவீட்டுக்குத் திறன் கொண்ட தொழில்நுட்பம் கையில் இருந்தும், நிர்வாக அலகு பழைய அளவிலேயே நிற்பதால் அதன் பயன் உரியவருக்குச் சேர்வதில்லை. காப்பீட்டு அலகைக் கண்மாய் ஆயக்கட்டாகவோ மடைப்பாசனப் பகுதியாகவோ மாற்றியமைப்பது ஆராயத்தக்கது.

மற்றொரு சிக்கல் உழவர் யார் என்பதைப் பற்றியது. அக்ரிஸ்டாக் கட்டமைப்பின் பகுதியாக, நில ஆவணத்தோடு இணைத்த தனி அடையாள எண் உழவர்களுக்கு வழங்கப்படுகிறது; தமிழ்நாட்டில் இதற்கான பதிவு முகாம்கள் 2025இல் நடைபெற்றன. செட்டிநாட்டில் கோயில் நிலங்களையும் மடத்து நிலங்களையும் வெளியூர்களில் வாழ்வோரின் நிலங்களையும் குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுத்துப் பயிரிடுவோர் பலர். கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ பட்டா இருக்க, வயலில் உழைக்கும் பெண்கள் அதனினும் பலர். பட்டாவின்வழி உழவரை அறியும் அமைப்பு இவர்களைக் காண்பதில்லை. அறிவுரையும் காப்பீடும் மானியமும் அவ்வெண்ணின்வழியே செல்லுமாயின், உழுபவர் ஒருவராகவும் பயன்பெறுபவர் மற்றொருவராகவும் இருக்கும் பழைய நிலை புதிய கருவியால் உறுதிப்படும்.

2020இல் வெளியான தமிழ்நாட்டின் பாதுகாப்பான, அறநெறிசார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, பொதுப் பயன்பாட்டுக்கு வரும் பொறிகள் வெளிப்படைத்தன்மை, சமனிலை, பொறுப்புடைமை ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பிடப்பட வேண்டும் என்னும் நோக்குடையது. அந்நோக்கு வேளாண் கருவிகளுக்கு நடைமுறையில் பொருத்தப்படும்போது, பொறியின் மதிப்பீட்டை எதிர்த்து உழவர் முறையிடும் வழியும் அம்முறையீட்டை வயலுக்கு வந்து சரிபார்க்கும் மனிதரும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

7. குன்றக்குடி கற்பிப்பது

அறிவியலை ஊரின் வினாவோடு இணைத்த முன்மாதிரி செட்டிநாட்டிலேயே உண்டு. குன்றக்குடி அடிகளார் 1980களில் முன்னெடுத்த கிராமத் திட்டம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவன அறிவியலறிஞர்களின் துணையோடு ஊரின் வளங்களையும் தேவைகளையும் கணக்கிட்டு, அவற்றுக்கேற்ற தொழில்களையும் கூட்டுறவு அமைப்புகளையும் உருவாக்க முயன்றது. நடுவண் திட்டக்குழுவின் கவனத்தையும் அது பெற்றது. மின்வேதியியல் என்பது வேளாண்மையோடு நேரடித் தொடர்பற்ற துறை. அவ்வறிஞர்கள் தம் துறைக் கருவியை ஊருக்குக் கொணர்வதைவிட, ஊரின் தேவையைத் தம் ஆய்வகத்திற்குக் கொண்டுசென்றதே அத்திட்டத்தின் படிப்பினை.

அதே வரிசையைச் செயற்கை நுண்ணறிவுக்கும் கொள்ளலாம். செட்டிநாடு பொறியிடம் கேட்கத்தக்க வினாக்கள் சில: வடகிழக்குப் பருவமழையின் நிலையான தொடக்கம் இவ்வாண்டு எந்த வாரம், அக்கணிப்பு கடந்த ஆண்டுகளில் எத்தனை முறை பொய்த்தது? இந்தக் கண்மாய்ச் சங்கிலியில் எந்த வரத்துக்காலைத் தூர்வாரினால் கீழுள்ள கண்மாய்கள் மிகுதியாகப் பயன்பெறும்? இருக்கும் நீருக்கு எவ்வளவு பரப்பில் நெல்லும் எவ்வளவு பரப்பில் சிறுதானியமும் பொருந்தும்? மூன்றாம் வினாவுக்கான விடை ஆயக்கட்டினர் கூடும் இடத்தில் முன்வைக்கப்பட வேண்டும். தனித்தனிக் கைப்பேசிகளுக்குச் செல்வது போதாது. பாசனச் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் இடமளிக்கிறது. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை வயலகங்கள்வழிக் கண்மாய் உழவர்களை அமைப்பாக்கி வருகிறது. விடையைப் பெற்று முடிவெடுக்கும் கூட்டமைப்பு இருந்தாலன்றிப் பொறியின் விடை பயனற்றது.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு வேளாண்மையை மேம்படுத்துமா என்னும் பொது வினாவுக்குப் பொது விடை இல்லை. படத்தில் நோயை அறிதல், மேகத்தினூடே நீர்ப்பரப்பை அளத்தல், வாரங்களுக்கு முன் மழையைக் கணித்தல் ஆகியவற்றில் அதன் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அவ்வாற்றல் எந்த நிலத்தில் பயின்றது, எந்தப் பொழுதைக் கணித்தது, எந்த அலகை நோக்கியது, எந்தச் சொல்லைப் புரிந்துகொண்டது, பிழைத்தபோது யார் சுமந்தார் என்னும் ஐந்து வினாக்களால் ஒவ்வொரு கருவியும் சோதிக்கப்பட வேண்டும்.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை, நீடித்த வேளாண்மை என்பது கண்மாய் நிறைவதும் அந்நீர் கடைமடையை எட்டுவதுமாகும். தனி வயலின் விளைச்சலை உயர்த்தியும் கண்மாயைக் கைவிடச் செய்யும் கருவி, சில ஆண்டுகளில் அவ்விளைச்சலையும் இழக்கச் செய்யும். பொதுநீரை அனைவருக்கும் புலப்படச் செய்யும் கருவி, விளைச்சலோடு நீதியையும் வளர்க்கும். இவ்விரண்டில் எது இங்கு வந்துசேரும் என்பது, காரைக்குடியைச் சூழ்ந்த கல்வி நிறுவனங்களும் வேளாண் துறையும் பாசனச் சங்கங்களும் தத்தம் வினாக்களைப் பொறி வருமுன் வகுத்துக்கொள்கின்றனவா என்பதைப் பொறுத்தது.